பதினாறு நாள் லீவு

1948 மார்ச் மாதம், பனி இன்னும் இளகாத நாள்களில், சோஜி லா கணவாயைத் தாண்டி ஒரு சின்னப் படை லே நகருக்கு நடந்து வந்து சேர்ந்தது. தலைமை தாங்கியவர் மேஜர் பிரித்தி சந்த். வந்தவர்களில் பெரும்பாலோர் லாஹௌல் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள். மலைக் காற்று அவர்களுக்குப் புதிதில்லை. அவர்களோடு ஓர் எஞ்சினியரும் நடந்து வந்தார். பெயர் சோனம் நோர்பு, லடாக்கைச் சேர்ந்தவர். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: லேயில் விமானம் இறங்க ஓர் ஓடுபாதை போடவேண்டும். இயந்திரம் கிடையாது. உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, மண்வெட்டியும் கூடையுமாக, ஒரு மாதத்துக்குள் போட்டு முடித்தார்.

மே 24ஆம் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை அந்த மண்பாதையில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே பயணியாக உட்கார்ந்திருந்தவர் மேஜர் ஜெனரல் திம்மையா. காற்றழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கேபின் எல்லாம் டகோட்டாவில் கிடையாது. அன்றுவரை ஸ்ரீநகரிலிருந்து லே போக இரண்டு வாரம் நடக்கவேண்டும். அன்றிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.

இன்று லே நகரின் பெரிய மருத்துவமனைக்கு சோனம் நோர்புவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கும் சுற்றுப்பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அங்கேதான். ஓடுபாதையும் ஆஸ்பத்திரியும் ஒரே ஆளின் பெயரில் வந்து முடிந்ததை யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இதையெல்லாம் படிக்கிறேன் என்றால், ஜொகூர் பாருவிலிருந்து நாங்கள் ஐந்து பேர் மோட்டாரில் லடாக் சுற்றப்போகிறோம். ஐந்து பேரும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் வளர்ந்தவர்கள். இருவர் தினமும் விடியற்காலை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள். மழை, நெரிசல், புகை எதற்கும் அசரமாட்டார்கள். மற்ற மூவர் என்னைப்போலத் தொழிற்சாலை ஆள்கள். குரூப்பில் முதலில் வந்த பட்டியல் இப்படி இருந்தது: மூன்று மாதம் ஜிம், வாரம் இருமுறை ஓட்டம், குனோங் புலாய், பிறகு குனோங் லேடாங், கடைசியில் ஒரு கினபாலு. "கினபாலு ஏறிட்டா லடாக்லாம் சப்ப மேட்டர்டா மச்சான்" என்றான் ஒருவன்.

பட்டியல் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜொகூரின் உயரமான மலையான லேடாங் 1,276 மீட்டர். லே நகரத்தின் கடைத்தெருவே 3,500 மீட்டர். நாங்கள் போக நினைக்கும் கார்துங் லா 5,359 மீட்டர். லேடாங் மேல் இன்னொரு லேடாங், அதற்கு மேல் இரண்டு லேடாங் வைத்தால்தான் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். (கார்துங் லாவில் வைத்திருக்கும் பலகை வெகுகாலமாக 18,380 அடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் 17,582 அடி என்றார்கள். எண்ணூறு அடி வித்தியாசம். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தவர்கள் யாரும் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.)

நான் வேலை பார்ப்பது பாசிர் கூடாங்கில், காற்றழுத்த இயந்திரங்களோடு. அழுத்தமானி முள்ளைப் பார்த்துப் பார்த்தே ஐந்து வருஷம் போய்விட்டது. அதனால் மலை விஷயம் எனக்கு முதலில் ஒரு கணக்காகத்தான் புரிந்தது. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று சொல்கிறோமே, உண்மையில் அதன் விகிதம் குறைவதில்லை. எங்கே போனாலும் 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். கடற்கரையில் 1,013 மில்லிபார். லேயில் ஏறக்குறைய 650. கார்துங் லாவில் 515 பக்கம் வந்துவிடும், அதாவது நம்மூரில் இருப்பதில் பாதி. ஜேபியில் வாங்கிய கெரோப்போக் பாக்கெட்டைப் பிரிக்காமல் அங்கே கொண்டுபோனால் பலூன் மாதிரி உப்பி நிற்கும். ஒவ்வொரு மூச்சிலும் அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறோம், ஆனால் உள்ளே போகும் சரக்கு பாதி.

கணக்கு இவ்வளவுதான். இதை உடம்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது வேறு கதை. அந்தக் கதையைக் கண்டுபிடிக்க நிறையப் பேர் செத்திருக்கிறார்கள்.

மலை உயரத்தில் தலை வலிக்கும் என்பது பழைய செய்தி. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீன ஹான் அரசின் அதிகாரி ஒருவர், மேற்கே போகும் வழியில் பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை என்று இரண்டு இருப்பதாகவும், அங்கே மனிதனும் கழுதையும் சேர்ந்தே அவதிப்படுவதாகவும் சொல்லியிருக்கிறார். 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பேர், இதற்கெல்லாம் காரணம் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதுதான் என்று சோதனை செய்து காட்டினார். ஆனால் ஆரோக்கியமான இளைஞன் ஒருவன், மேலே போன இரண்டாம் மூன்றாம் நாளில், நுரையீரலில் நீர் கோத்துச் சாகிறானே, அது என்ன? வெகுகாலத்துக்கு அதை நிமோனியா என்றுதான் எழுதிவைத்தார்கள். 1960இல் அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன், கொலராடோவில் பனிச்சறுக்குப் போன ஓர் இளைஞனின் நோயைப் பற்றிக் கட்டுரை எழுதி, இது கிருமியால் வருவதில்லை, உயரத்தால் வருவது என்றார். ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுதிய கட்டுரை.

அதற்கு அடுத்த கட்டுரைகள் இந்திய ராணுவ மருத்துவர்களிடமிருந்து வந்தன. அவர்களிடம் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை.

1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை நடந்த இந்திய-சீனப் போரைப் பற்றி நம்மில் பலருக்கு அரசியல் தெரியும். நேரு, மெக்மோகன் கோடு, தோல்வி. உடம்புகளின் பக்கத்திலிருந்து அதைப் படித்துப் பாருங்கள். சமவெளியில் இருந்த படைகள் அவசர அவசரமாக மேலே ஏற்றப்பட்டன. கிழக்கே நாம்கா சூ ஆற்றங்கரைக்குப் போனவர்கள் பலர் பருத்திச் சீருடையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொருள்கள் போடப்பட்ட ட்சாங்தார் 14,500 அடி உயரம். உயரத்துக்குப் பழகுவதற்கு நாள் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. தில்லியிலிருந்து வந்த உத்தரவில் தேதிதான் இருந்தது. நான்காவது கோர் படையின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல் தானே நேரில் நாம்கா சூ வரைக்கும் போனார். போய்வந்து ஒரு வாரத்தில் நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்து, அக்டோபர் 18ஆம் தேதி தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டார். இரண்டே நாளில் சீனப்படை தாக்கியது. தளபதி தில்லியில் படுக்கையில் இருந்தார். அவருக்காவது விமானம் இருந்தது. பள்ளத்தாக்கில் இருந்த சிப்பாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் இறக்கவேண்டும், அதுவும் தூக்குகிறவனுக்கு மூச்சு இருந்தால்.

1965இல் என்.டி. மேனன் என்ற ராணுவ மருத்துவர், லேயில் தான் பார்த்த 101 நோயாளிகளைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். எல்லாருக்கும் நுரையீரல் நீர்க்கோப்பு. 1969இல் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் அதே இதழில் எழுதிய கட்டுரை இன்னும் பெரியது. அதில் 1,925 சிப்பாய்கள் (ஆண்டு இல்லை, ஆள் கணக்கு). 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரை உயரத்தில் நோய்ப்பட்டவர்கள். இன்று உலகத்தில் எந்த மலைக்குப் போகிறவருக்கும் கொடுக்கப்படும் அறிவுரையில் இந்த ஆள்களின் பங்கு இருக்கிறது. அவர்களில் யாரும் மலையேற ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை.

இந்தர் சிங் குழு கவனித்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. மேலே போனதும் நிறைய ஒன்றுக்குப் போகிறவன் தேறிவிடுகிறான். நீரைப் பிடித்துவைக்கும் உடம்புதான் நோயில் விழுகிறது. சரி, நீரை இறக்கினால் போச்சு என்று ஃபுரோசமைட் மாத்திரையைப் பரிந்துரைத்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. ஏற்கெனவே வறண்டுபோன உடம்பிலிருந்து மேலும் நீரை வாங்கினால் ஆள் சுருண்டுவிடுவான். கவனித்தது சரி, செய்த வைத்தியம் தப்பு. வரலாற்றில் இப்படி ஆவது அபூர்வமில்லை.

உடம்பு அங்கே செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்சிஜன் குறைந்ததும் மூச்சு வேகமாகிறது. வேகமாக விடும்போது கரியமில வாயு அதிகம் வெளியே போய், ரத்தம் காரத்தன்மை அடைகிறது. உடனே மூளை 'போதும், மெதுவா மூச்சு விடு' என்கிறது. பகலில் சமாளிக்கலாம், ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இதைச் சரிசெய்வது கிட்னி. பைகார்பனேட் உப்பைச் சிறுநீரில் தள்ளி ரத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு அவசரமே கிடையாது. ஒன்றிரண்டு நாளில் தொடங்கி நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளும். சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கு. டயமாக்ஸ் என்று எல்லாரும் பையில் போட்டுக்கொண்டு போகும் மாத்திரை கிட்னியின் இந்த வேலையைத்தான் கொஞ்சம் முடுக்கிவிடுகிறது. (சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்கவேண்டும். கேட்காமல் நண்பனிடம் வாங்கி விழுங்கக்கூடாது.)

இதில் தொடைத் தசைக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் கிட்னி கட்டுப்படாது. அந்த 1,925 பேரும் ராணுவத்தில் ஓட்டம் ஓடிப் பயிற்சி எடுத்தவர்கள்தாமே? ஜிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளுக்கு ஆறேழு மணி நேரம் கல்லும் சேறுமான பாதையில் 200 கிலோ மோட்டாரைப் பிடித்து ஓட்ட, முதுகும் முன்கையும் தொடையும் வேண்டும். நின்றுகொண்டே ஓட்டப் பழகவேண்டும். கீழே விழுந்த வண்டியைத் தூக்கத் தெரியவேண்டும். அதுவும் மெல்லிய காற்றில் இரண்டு பேராகத் தூக்கவேண்டும். அதற்கெல்லாம் ஜிம் சரி. ஆனால் உடல்வலுவால் ஒரு கெடுதலும் இருக்கிறது. வலுவுள்ளவன் வேகமாக ஏறுவான், தலைவலியை யாரிடமும் சொல்லமாட்டான்.

கினபாலுவின் கதையும் இதேதான். திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர். அங்கிருந்து காலையில் ஏறி, 3,270 மீட்டரில் சில மணி நேரம் படுத்து, நடுராத்திரி எழுந்து, சூரிய உதயத்துக்கு 4,095 மீட்டர் உச்சி, மதியத்துக்குள் மறுபடி கீழே. மலைநோய் முகம் காட்டவே ஆறு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் வரை ஆகும். நோய் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் நாம் குண்டாசாங்கில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். 'எனக்கு ஒண்ணும் ஆகல' என்று ஊருக்கு வந்து சொல்வோம். உண்மை என்னவென்றால், ஆவதற்கு நாம் நேரம் கொடுக்கவில்லை. கினபாலு ஏறியவன் லடாக்குக்குத் தயாராகிவிட்டான் என்பதைப்போல ஆபத்தான ஒரு நம்பிக்கை நம் ஊர் மலையேறிகளிடையே வேறில்லை.

இந்த இடத்தில் மோட்டாரைப் பற்றிப் பேசியாகவேண்டும். அதற்கும் தமிழ் மண்ணுக்கும் உறவு உண்டு.

இந்திய அரசு தன் எல்லையில் ரோந்து போக ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடியபோது, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350ஐத் தேர்ந்தெடுத்தது. 800 வண்டி கேட்டார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. அதே 1962தான். மலை எல்லைக்கான இரும்பு, கடலோரத் திருவொற்றியூரில் தயார் ஆகிவிட்டது. மலை எல்லைக்கான உடம்பை எப்படித் தயார்செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. இங்கிலாந்துத் தாய்க்கம்பெனி 1970க்குள் மூடிப்போய்விட்டது. திருவொற்றியூர் மட்டும் விடாமல் ஓடி, 2016இல் அதன் வாரிசுகள் 'ஹிமாலயன்' என்ற பெயரிலேயே 411 சிசி வண்டி விட்டார்கள். லேயில் வாடகைக்கும் இந்த வண்டிகள் கிடைக்கும்.

கார்புரேட்டர் வண்டிக்கும் மலைநோய் வரும். காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் அதே அளவில் வரும், கலவை கெட்டியாகி ஸ்பார்க் பிளக் கறுத்துவிடும். அதற்காகப் பழைய புல்லட்காரர்கள் மேலே போவதற்கு முன்பு சின்ன ஜெட் மாற்றுவார்கள். சிலர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். அந்தத் தூசியில் அது பெரும் மடத்தனம். எங்கள் பெரியப்பா கேமரன் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். தாப்பாவில் பால்போல இருந்த எஞ்சின் ரிங்லெட் தாண்டியதும் கரும்புகை கக்கும் என்பார். இப்போது வரும் ஃபியூல் இஞ்செக்ஷன் வண்டிகளில் ஒரு சென்சார் அழுத்தத்தைப் பார்த்துக் கண் இமைக்கும் நேரத்தில் பெட்ரோலைக் குறைத்துவிடும். கிட்னி ஐந்து நாளில் செய்வதைச் சென்சார் நொடியில் செய்கிறது. ஆனாலும் போன சக்தி திரும்பாது. 24 குதிரைச்சக்தி ஹிமாலயன் கார்துங் லா உச்சியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம்ம ஊர் 150 சிசி வண்டியைவிடக் கீழே. ஓவர்டேக் செய்ய நினைக்கும் ஜேபி பையன்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சென்சார் வந்தது பெரிய வசதி. எனக்குப் பயமும் அதனால்தான். நடந்து ஏறுகிறவனுக்குக் கால் வலிக்கும், மூச்சு வாங்கும், அவனே உட்கார்ந்துவிடுவான். மோட்டாரில் எதுவுமே வலிக்காது. உட்கார்ந்த இடத்தில், கைப்பிடியைத் திருகினால், ஒரே பகலில் மூவாயிரம் மீட்டர் ஏறிவிடலாம். இமயமலைச் சாலைகளின் வரலாறே இந்த வசதியின் வரலாறுதான். எல்லைச் சாலைகள் அமைப்பு 1960 மே 7இல் தொடங்கப்பட்டது. கார்துங் லா சாலை 1976இல் போடப்பட்டு, 1988இல்தான் பொதுமக்கள் வண்டிகளுக்குத் திறந்தது. 2020 அக்டோபரில் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நேரத்தை மிச்சப்படுத்தியது. மிச்சமான நேரம் முழுவதும் கிட்னிக்கு வேண்டிய நேரம்.

மணாலியிலிருந்து லே போகிறவர்கள் விழும் பள்ளம் இதுதான். மணாலி 2,050 மீட்டர். காலையில் கிளம்பி, சாயங்காலம் சர்ச்சுவில் கூடாரத்தில் படுப்பார்கள். சர்ச்சு 4,290 மீட்டர், கினபாலு உச்சியைவிட உயரம். அங்கே போய்த் தூங்கவேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, தூங்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் விதி. பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை, எங்கே தலை சாய்த்தோம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் கார்துங் லா உச்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உடனே இறங்கச் சொல்கிறார்கள்.

மூளையில் நீர் கோத்தால் முதலில் போவது நடை. ஒரு காலின் விரலுக்கு முன்னால் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறுவான். நடக்கிறவன் தடுமாறினால் கூட இருப்பவனுக்குத் தெரியும். மோட்டாரில் போகிறவன் தடுமாறுவது வளைவில்தான் தெரியும்.

மற்ற நடைமுறை விஷயங்கள் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நம் பி2 லெசென் 250 சிசி வரைக்கும்தான். 411 சிசிக்கு குறைந்தது பி1 வேண்டும், அனைத்துலக அனுமதி ஜேபிஜேயில் எடுக்கவேண்டும். வெளிநாட்டவருக்கு நுப்ரா, பாங்கோங் பக்கம் போகத் தனி அனுமதி தேவை, அதை ஏஜென்ட் மூலம்தான் எடுக்கமுடியும். மணாலி சாலையில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் நிலையத்தில் 'அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர்' என்ற பலகை வெகுகாலம் பிரபலம். 15 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 30 என்றால் 450 வரும், ஆனால் ஏற்றத்தில் 30 வராது. எண்ணெய் ஒரு கேனில் கூடுதலாக வைத்துக்கொள்ளவேண்டும். கையுறை இரண்டு ஜோடி. ஜேபியில் நாம் போடும் மழைக்கோட்டு அங்கே காற்றில் கிழிந்துபோகும்.

பெரிய தடை இவற்றில் எதுவும் இல்லை. லீவுதான்.

1997 மே 23ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். மலேசியாவிலிருந்து அங்கே போன முதல் இருவர், இருவரும் தமிழர். நான் பிறந்த வருஷம். தமிழ்ப்பள்ளியில் அவர்கள் பெயரைச் சொல்லி 'மனவுறுதி' என்று கட்டுரை எழுதவைப்பார்கள், நானும் எழுதியிருக்கிறேன். மனவுறுதி இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் யாரும் எழுதாதது: எவரெஸ்ட் ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதில் பெரும்பகுதி ஏறுவதும், இறங்குவதும், மறுபடி ஏறுவதும், சும்மா காத்திருப்பதும். அந்தப் பயணம் நாட்டின் திட்டமாக இருந்தது. அவர்களுக்கு நாள் கிடைத்தது. காத்திருப்பதைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை என்ன கட்டுரை எழுதும்?

நமக்கு நாள் கொடுப்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். என்ஃபீல்டு இந்தியாவுக்கும் அதற்கும் ஒரே வயது. இரண்டு வருஷத்துக்குக் கீழே வேலை செய்தவனுக்கு ஆண்டுக்கு 8 நாள் லீவு. இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 12. ஐந்து முடிந்தால் 16. எனக்கு இந்த வருஷம்தான் 16 வந்தது. அதில் தீபாவளி, தைப்பூசம், யாராவது ஒருவர் கல்யாணம், அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதி எல்லாம் அடக்கம்.

இந்திய ராணுவம் 1962க்குப் பிறகு தன் ஆள்களுக்கு வைத்திருக்கும் கணக்கு இது. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை போகிறவனுக்கு ஆறு நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்த இரண்டு நாள் மெதுவான நடை, ஏற்றம் கிடையாது. கடைசி இரண்டு நாள் கொஞ்சம் ஏற்றம். அங்கிருந்து 15,000 அடிக்கு இன்னும் நான்கு நாள். அதற்கு மேலே இன்னும் நான்கு. மொத்தம் பதினான்கு. துப்பாக்கி தூக்கும் இருபத்தைந்து வயது ஆளுக்கே இந்தக் கணக்கு. எல்லையில் பதற்றம் இருந்தாலும் சிப்பாய் முதல் இரண்டு நாள் படுத்திருக்கவேண்டும்.

எங்கள் குரூப்பின் முதல் திட்டம் மொத்தம் ஒன்பது நாள். முதல் நாள் கேஎல்-தில்லி, இரண்டாம் நாள் காலை லேயில் இறங்கி, மதியம் மோட்டார் எடுத்து, மூன்றாம் நாள் கார்துங் லா. லீவை மிச்சப்படுத்தும் திட்டம். 1962இல் தேதி போட்ட அதிகாரிக்கும் எங்கள் எக்செல் தாளுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கே மேலிடம் அவசரப்படுத்தியது. இங்கே நாங்களே எங்களுக்கு மேலிடம்.

நான் வைத்த மாற்றுத் திட்டம் இது. சனிக்கிழமை கிளம்பி, மூன்றாவது வார ஞாயிறு திரும்பினால், பத்து நாள் லீவில் பதினாறு நாள் கிடைக்கிறது. ஜொகூரில் வார இறுதி 2025 முதல் மறுபடி சனி-ஞாயிறு ஆனதால் கோலாலம்பூரில் வேலை செய்பவனுக்கும் எங்களுக்கும் கணக்கு ஒத்துவருகிறது. நேரே லேயில் இறங்காமல் ஸ்ரீநகரில் இறங்கவேண்டும், 1,600 மீட்டர். அங்கிருந்து சோனாமார்க்கில் ஓர் இரவு, சோஜி லாவைத் தாண்டி கார்கிலில் இரண்டு இரவு. கார்கில் 2,676 மீட்டர்தான். பிறகுதான் லே. லேயில் இரண்டு நாள் சும்மா. முதல்முறை கார்துங் லா தாண்டினாலும் அந்தப் பக்கம் நுப்ராவில் 3,100 மீட்டர் அளவில் படுத்துவிடலாம், லேயைவிடத் தாழ்வு. பாங்கோங் 4,225 மீட்டர், அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.

ஸ்ரீநகர் என்றதும் வீடுகளில் பயந்தார்கள். செய்தியில் வரும் ஆபத்து அது, பயப்படத்தான் செய்வார்கள். போகும் வாரத்தில் நிலவரம் சரியில்லை என்றால் வேறு வழி இருக்கிறது: லேயில் விமானத்தில் இறங்கி, மூன்று முழு நாள் எதையும் தொடாமல் இருப்பது. அந்த ஆபத்துக்கு வீட்டில் யாரும் பயப்படவில்லை. அது செய்தியில் வருவதில்லை.

சண்டை வந்தது இன்னொரு விஷயத்தில். வெளியூரில் எடுத்த வாடகை மோட்டாரை லேயைச் சுற்றி ஓட்ட உள்ளூர் சங்கத்தார் விடுவதில்லை. அதனால் ஸ்ரீநகரிலிருந்து லே வரைக்கும் காரில் போய், மோட்டாரை லேயில்தான் எடுக்கவேண்டும். "மோட்டார் ட்ரிப்னு சொல்லிட்டு நாலு நாள் கார்ல உக்காந்து போறதா? ஆளுங்க சிரிப்பாங்கடா" என்றான் பாலம் கடக்கும் நண்பன். அவனுக்கு 12 நாள் லீவுதான். பத்து எடுத்தால் மிச்சம் இரண்டு. அவன் பேச்சில் கோபத்தைவிட அந்தக் கணக்குதான் அதிகம் இருந்தது என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் முதலாளிக்குக் கிட்னியைப் பற்றி விளக்கமுடியாது.

இப்போதைக்கு நான்கு பேர் பதினாறு நாள் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாமவன் இன்னும் பதில் போடவில்லை. தாளில் எட்டாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் நேராக, லே என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'வேலை ஒன்றுமில்லை' என்று போட்டிருக்கிறேன். யாரோ அதை அழித்துவிட்டு 'ஷாப்பிங்' என்று மாற்றியிருந்தார்கள். லே கடைத்தெரு ஏற்றம் என்று ஞாபகப்படுத்தி, பழையபடி மாற்றிவைத்தேன். மோட்டார் சாவி பத்தாம் நாள் காலை.